முகத்தை மட்டும் மறைத்த காஜா அண்ணாச்சி

இதை எழுதுவதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். காஜா அண்ணாச்சியோடு நெருங்கிப் பழகியவர்கள் கோவில்பட்டியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நான் அவருடைய ஸ்டூடியோவில் கல்யாண வீடியோக்களுக்குப் பெயர் டைப் செய்து கொடுத்தவள். இரங்கல் கூட்டத்தில் பேசச் சொன்னார்கள், வாய் வரவில்லை. அதனால் இந்த நினைவு மலரில் இடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அன்று காலை பசுவந்தனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஸ்டூடியோவுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் மாடசாமி அண்ணாச்சி செல்போனில் கூப்பிட்டார். "செல்வி, கடையத் தொறக்க வராத. நேரா அவிய வீட்டுக்கு வந்துரு" என்றார். காஜா அண்ணாச்சி நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரியில் இருந்தது எனக்குத் தெரியும். அதனால் வேறு எதுவும் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் கல்யாண வீடியோ எடுப்பவர். சிறைக்குப் போய் வந்தவர்களை வரையச் சொல்லி, பேசச் சொல்லி, அதைக் கம்ப்யூட்டரில் கோர்த்து சிடியாக ஆக்கியவரும் அவர்தான். அதற்குக் காரணம் தொண்ணூறுகளின் கடைசியில் கழுகுமலைப் பக்கம் நடந்த ஒரு கல்யாணம் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். கேமராவைத் திருப்பும்போதெல்லாம் பெண்ணின் தகப்பனார் காணாமல் போய்விடுவாராம். அண்ணாச்சி தேடிப்போய்ச் சமையல் பந்தலுக்குப் பின்னால் பிடித்திருக்கிறார்.

"என்னையக் கடைசியா போட்டோ எடுத்தது ஜெயில்லதான்" என்றாராம் அவர். "நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, கையில நம்பர் பலகை. கேமராவக் கண்டா கழுத்து தானாத் திரும்புது, தம்பி."

அந்தக் கல்யாண வீடியோவில் பெண்ணின் தகப்பனார் கிடையாது.

நான் பட்டம் வாங்கி வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஸ்டூடியோவுக்கு ஸ்கேனர் வந்தது. "நம்ம ஆல்பத்துல இந்தச் சுத்துப்பட்டி ஊரே இருக்கு. ஜெயிலுக்குப் போய் வந்தவிய உள்ள இருந்த வருசம் மட்டும் இல்ல" என்று சொல்லி அண்ணாச்சி வேலையைத் தொடங்கினார். விவசாயிகள் மறியலில் பிடிபட்டவர்கள் வந்தார்கள். தீப்பெட்டித் தொழிலாளர் போராட்டத்தில் போனவர்கள் வந்தார்கள். திருட்டு, அடிதடி வழக்குக்காரர்களும் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே பென்சில். எனக்கு ஒரே ஒரு கட்டளை: "எதுக்குப் போனீங்கன்னு கேக்கக் கூடாது. உள்ள என்ன பாத்தீங்கன்னு மட்டும் கேளு."

முதலில் தயாரான பகுதியைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம். கல்யாண மிக்ஸிங் பழக்கத்தில் அண்ணாச்சி எல்லாப் படத்தையும் சுழலவிட்டு, மேலே ரோஜாப்பூ கொட்ட வைத்திருந்தார். தன்னுடைய சிறை அறை இதய வடிவத்துக்குள் சுருங்குவதைப் பார்த்த ஒரு பெரியவர், "ஏலே காஜா, இந்த வயசுல எனக்கு ரெண்டாங் கல்யாணமா பண்ணி வைக்க?" என்றார். அண்ணாச்சியும் சிரித்தார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு பூவாக எடுத்தார். அதன்பின் அவர் கோர்த்த படங்கள் எதுவும் அசையவில்லை.

இனி ஒரு அக்காவைப் பற்றி. அவர் பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. தெருத்தெருவாகக் கூவி விற்கிறவர். என்ன விற்கிறார் என்பதையும் எழுதவில்லை. அவர் வரைந்த தாளில் சுவரும் இல்லை, கம்பியும் இல்லை. ஒரு குழாயும், அதன் முன்னால் வரிசையாக வாளிகளும் இருந்தன.

"கம்பி எங்கக்கா?" என்று கேட்டேன்.

"கம்பிய யாரு பாத்தா? தண்ணி வருதா, நம்ம வாளி நகருதான்னுதான் பாத்துக்கிட்டிருந்தோம். நம்ம ஊரு மாதிரிதான் அங்கனயும்" என்றார்.

அவர் சிறையில் இருந்த காலத்தில், அம்மா திருப்பூரில் மில் வேலைக்குப் போயிருப்பதாகத்தான் மகளிடம் சொல்லியிருந்தார்கள். அந்த மகளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள். "எம் மூஞ்சி வரக் கூடாது, அண்ணாச்சி" என்றார் அக்கா. வராது என்று அண்ணாச்சி வாக்குக் கொடுத்தார். முகத்தைக் காட்டவில்லை, பெயரைப் போடவில்லை. வாளிப் படமும் குரலும் மட்டும் இருந்தன. வாழ்நாள் முழுவதும் முகங்களைப் படம் பிடித்தவருக்கு, முகத்தை மறைத்தால் ஆளையே மறைத்தது போலத்தான் தோன்றியது. எங்களில் யாருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

சிடிகள் போட்டு நண்பர்களுக்கும் சில பள்ளிகளுக்கும் கொடுத்தோம். பிறகு ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பகல் நேரத்தில் திரையிட்டோம். வாளிப் படம் வந்து குரல் கேட்டதும் முன்வரிசையில் ஒரு பெண், "ஏட்டி, இது நம்ம தெருவுல கூவிக்கிட்டு வார அவ சத்தம்லா?" என்றார். அண்ணாச்சி பாய்ந்துபோய் வயரைப் பிடுங்கினார். "கரண்ட் போச்சு, எல்லாரும் கெளம்புங்க" என்றார்.

"ஃபேன் ஓடுதே, அண்ணாச்சி" என்றது ஒரு குரல்.

திரும்பி வரும் வழியில் அவர் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "அவ பொழைக்கதே சத்தத்துலதான், அது என் மண்டையில ஏறலயே."

மறுநாள் அந்தக் குரலைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார். அக்காவின் வார்த்தைகளை என்னைப் படிக்கச் சொல்லிப் பதிவு செய்தார். புதிய சிடியில் கேட்பது என் குரல். பழைய சிடிகளைத் திரும்ப வாங்க அவரே அலைந்தார். நாகலாபுரம், கழுகுமலை என்று வண்டியில் போவார். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாரே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். காரணத்தைச் சொன்னால் அக்காவைச் சொன்னதாகிவிடும். அதனால் "அதுல சத்தம் சரியில்ல" என்று மட்டும் சொல்வார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், "இன்னும் கொஞ்சம் வெளிய கெடக்கு, செல்வி" என்றார்.

அவர் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனபோது நாங்கள் பெண்கள் தெருமுனையில் நின்றோம். ஊரில் எல்லா விசேஷத்தையும் படம் எடுத்தவரை அன்று யாரும் படம் எடுக்கவில்லை. அந்த அக்காவும் வந்திருந்தார். மற்றவர்கள் வாய்விட்டு அழுதார்கள். அவர் மட்டும் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, சந்தூக் திரும்பி மறையும்வரை சத்தமில்லாமல் நின்றார். போய் வாருங்கள், அண்ணாச்சி.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இதற்காகத்தான் இந்த மலரில் இடம் கேட்டேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், "எழுது, சொல்லாம அந்த சிடி எப்பிடி ஒழியும்?" என்றார். பழைய சிடி உங்களில் சிலரிடம் இருக்கிறது. புதியதில் அச்சடித்த தாள் ஒட்டியிருக்கும். பழையதில் அண்ணாச்சியே மார்க்கர் பேனாவால் எழுதியிருப்பார். அவர் கையெழுத்து என்பதால் நினைவாக வைத்துக்கொள்ளத் தோன்றும். வைத்துக்கொள்ள வேண்டாம். போட்டுக் கேட்காமல், இன்றைக்கே உடைத்துவிடுங்கள்.