எனக்கு இல்லாத சர்க்கரை

எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இதை நம்புகிறவர்கள் நானும் என் மனைவியும் மட்டும்தான். அதிலும் மனைவியைச் சாட்சியாக ஏற்க முடியாது. இந்த நோயை எனக்கு வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

ஜோகுபாளையத்தில் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்த கொஞ்ச நாளில் யுகாதி வந்தது. எதிர்வீட்டு அம்மா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அறுபதைத் தாண்டியவர். இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே பெங்களூருக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். கணவர் மாநில அரசு உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்து வருஷம் திரும்பி, அந்த வீட்டில் செய்யும் முதல் பண்டிகை அது. கூடத்துச் சுவரில் சந்தன மாலைக்குள்ளிருந்து அவர் எங்கள் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதனால் இறந்தார் என்று நாங்கள் கேட்கவில்லை. புதிதாக வந்தவர்கள் அதைக் கேட்பது நாகரிகமில்லை என்று நினைத்தோம். கேட்டிருந்தால் என் காலைகள் இன்று வேறு மாதிரி இருந்திருக்கும்.

யுகாதி என்றால் ஒப்பட்டு. நாம் போளி என்று சொல்வதைத்தான் இந்த ஊரில் ஒப்பட்டு என்கிறார்கள். இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதையும் மரியாதைக்காக உள்ளே தள்ளினேன். நான்காவது வந்து விழுந்தபோது இலைமேல் குப்புறக் கவிழ்ந்து கையை விரித்தேன்.

"போதும்மா."

"என்ன போதும்? ஒரு ஆம்பள சாப்பிடற சாப்பாடா இது? ஸ்வல்ப நெய் ஊத்திக்கினா தானா எறங்கும் சார்."

கைவிரல்களின் இடுக்கு வழியாக ஐந்தாவதும் வந்தது. வெள்ளத்தில் போகிறவன் கரையிலிருப்பவளைப் பார்ப்பதுபோல மனைவியைப் பார்த்தேன். அவளுக்கு என்மேல் இரக்கம் வருவது அபூர்வம். அன்றைக்கு வந்தது.

"விடுங்கம்மா, அவருக்கு சுகர்."

நம் பக்கத்தில் இது மருத்துவத் தகவலே அல்ல. இலையிலிருந்து எழுந்துகொள்ள உதவும் மரியாதைச் சொல், அவ்வளவுதான். 'அப்படியா, எல்லாருக்கும்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடுவார்கள். இந்த அம்மா போகவில்லை. நெய்க்கரண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் குனிந்து, என் இலையில் இருந்த ஒப்பட்டை, நான் கடித்துவைத்த பாதியையும் சேர்த்து, தன் கையாலேயே எடுத்துக்கொண்டார். பரிமாறியதை இலையிலிருந்து திரும்ப எடுக்கும் கையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"முன்னாடியே சொல்லக் கூடாதா சார்? நானே என் கையால போட்டுட்டேனே..."

குரல் உடைந்திருந்தது. ஒரு போளிக்கு இது கொஞ்சம் அதிகம் என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

மறுநாள் விடியும் முன் அழைப்புமணி அடித்தது. அம்மா ஒரு சொம்போடு நின்றிருந்தார். ராத்திரி ஊறவைத்த வெந்தயத் தண்ணீர். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டுமாம், அதுவும் அவர் முன்னாலேயே. குடித்தேன். கதவைச் சாத்திவிட்டு மனைவியைப் பார்த்தேன்.

"போய்ச் சொல்லிடு, சும்மாத்தான் சொன்னேன்னு."

"நான் எதுக்குச் சொல்லணும்? வியாதி உங்களோடது."

"குடுத்தது நீ."

"காப்பாத்தினேன். நன்றி கெட்ட ஜென்மம்."

நாளைக்குச் சொல்லலாம் என்று நான் நினைத்தேன். நாளைக்குப் பாகற்காய் வந்தது. அதற்கு மறுநாள் கேழ்வரகுக் களி. எதையும் கொடுத்துவிட்டு அவர் உடனே போவதில்லை. நான் விழுங்குகிற வரைக்கும் நின்று பார்ப்பார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்வது, குழந்தை ஊட்டிவிடும் மண் சோற்றை 'இது மண்' என்று துப்புவது மாதிரி. சில மாதங்களில் காலை நடையும் சேர்ந்துகொண்டது. அல்சூர் ஏரிக்கரையில் முன்னால் அவர் வேகமாகப் போவார், பின்னால் நான் மூச்சுவாங்கிக்கொண்டு போவேன். நோயாளி யார் என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வந்திருக்காது.

செய்தி பரவியது. குடியிருப்புச் சங்கத்தின் கணேசர் பண்டிகையில் எல்லோருக்கும் கொழுக்கட்டை, எனக்கு மட்டும் சுண்டல். அதைக் கொடுத்த பெண்மணி, "கால் மரத்துப் போகுதா சார்?" என்று அன்பாக விசாரித்தார். தெருமுனை ஓட்டலில் நான் படியேறும்போதே கல்லாவில் இருப்பவர் உள்ளே பார்த்து, "சக்கரை இல்லாத காப்பி ஒண்ணு" என்று தெருவுக்கே அறிவிப்பார். எதிர்வீட்டு அம்மா போகிறபோக்கில் சொல்லிவைத்திருக்கிறார். இந்த நகரத்தில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். இதுவரை நான்கு பேருக்கு ஞாபகம் இருக்கிற மாதிரி ஏதாவது செய்திருக்கிறேனா என்றால் இல்லை. எனக்கு இல்லாத ஒரு நோயால் தெரு முழுக்கத் தெரிந்தவனானேன்.

இனிப்பு சாப்பிட வேண்டுமென்றால் ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலைமை. அப்படி ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிச் சிவாஜிநகர் போனேன். மார்க்கெட் சந்தில் ஒரு சின்னக் கடை. கொதிக்கும் எண்ணெயிலிருந்து எடுத்துப் பாகில் போட்டு அப்படியே தட்டில் வைக்கும் ஜிலேபி. தெருவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நின்று சாப்பிட்டேன். எந்தத் தப்பும் செய்யாதவன் அப்படி நிற்கமாட்டான் என்று அப்போதே எனக்குத் தோன்றியது. முதல் ஜிலேபி முடிந்து இரண்டாவதில் பல் பட்டபோது திரும்பிப் பார்த்தேன். எதிரே துணிக்கடையிலிருந்து எதிர்வீட்டு அம்மா இறங்கி வந்துகொண்டிருந்தார், கையில் ரவிக்கைத் துணிப் பொட்டலம்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பக்கத்தில் வந்து, என் தாடையில் வழிந்த பாகைப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

அவ்வளவுதான் கேட்டார். ஆனால் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். இனி மறைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

"அம்மா, நான் உண்மையச் சொல்லிடறேன். எனக்கு சுகரே இல்ல."

என்னை அவர் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பழைய ஆள் ஒருவரைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது.

"அவரும் இதத்தான் சொன்னார். இதே மாதிரி, இப்படியே."

ஆட்டோவில் திரும்பும்போது மிச்சத்தைச் சொன்னார். கணவர் குடைக்குள் மைசூர்பாக்கு வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவாராம்.

"மழையே இல்லாத மாசத்துல குடை! கேட்டா, எனக்கு எங்கடி சுகரு, டாக்டருங்கள்லாம் சும்னே சொல்றாங்கன்னுவார். நானும் பாவம், நல்ல நாள் அதுவுமா ஏன் வாயக் கட்டணும்னு, பண்டிகைக்குப் பண்டிகை என் கையாலயே போட்டேன் சார். மொதல்ல விரல எடுத்தாங்க. அப்புறம் காலு. அப்புறம் ஆளே இல்ல."

ஆட்டோ அல்சூரைத் தாண்டியது. என் இலையிலிருந்து ஒப்பட்டைத் திரும்ப எடுத்த கை அவர் மடியில் கிடந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எனக்கு நெஜமாவே இல்லம்மா," என்றேன், முன்பைவிட மெதுவாக.

"இருக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. இனிமே நீங்க தனியா சிவாஜிநகர் வரக்கூடாது. ஆய்த்து, அவ்வளவுதான்."

இதிலிருந்து வெளியே வர எனக்கு வழி தெரியவில்லை. இல்லை என்று சொல்லச் சொல்ல நோய் முற்றிக்கொண்டே போகிறது. வீட்டில் சொன்னபோது மனைவி முதலில் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை. ரத்தப் பரிசோதனை செய்து அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள், வாயால் சொன்னால்தானே சந்தேகம் என்றாள். புத்திசாலித்தனமான யோசனை. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்பதெல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கும்.

பரிசோதனை முடிவு சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்த டாக்டர் என்னிடம் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு உண்டு, அம்மாவுக்கும் உண்டு, அண்ணனுக்கு நாற்பதிலேயே வந்துவிட்டது என்றேன். முன்பு என்ன எடை இருந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அப்படீன்னா இந்நேரம் உங்களுக்கு வந்திருக்கணுமே. என்ன பண்றீங்க?"

"எதிர்வீட்டுல ஒரு அம்மா இருக்காங்க," என்றேன். டாக்டர் அதையும் என் கோப்பில் எழுதிக்கொண்டார். 

காகிதத்தோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தடவித் தடவி ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் ஒரு நீண்ட விளக்கத்துக்குத் தயாராகத் தொண்டையைச் செருமினேன்.

"கட்டுப்பாட்டுக்கு வந்துடுச்சு!" என்றார்.

"இல்லம்மா, இது கட்டுப்பாடு இல்ல, வந்து..."

"சும்னிருப்பா!"

அதுவரை என்னை அவர் 'சார்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தை எடுத்துக்கொண்டுபோய்ப் புகைப்படத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பாத்தீங்களா? இவரு கேட்டாரு. நீங்க கேக்கல."

சொல்லிவிட்டு அழுதார், நடுவில் சிரித்தார். சந்தன மாலைக்குள்ளிருந்து அவர் கணவர் என்னையே பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்கு எந்தத் தகுதியும் இல்லை. மறுக்கவும் எந்த வழியும் இல்லை. என் சான்றே எனக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

கடைசி முயற்சியாக அவருடைய மகளிடம் சொன்னேன். ஈஜிபுராவில் இருக்கிறாள், வாரக் கடைசியில் அம்மாவைப் பார்க்க வருவாள். மாடிப்படியில் மடக்கி, ஒப்பட்டிலிருந்து ஜிலேபி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா அங்கிள்?" என்றாள்.

"சொன்னேன். நம்பல."

"நல்லது. மறுபடி சொல்லாதீங்க."

"அது தப்பில்லையாம்மா?"

"அப்பா போனதுக்கப்புறம் எங்கம்மா படுக்கையவிட்டு எழுந்துக்கவே மாட்டாங்க. நான் ஆபீஸ்லேருந்து போன் பண்ணா மத்தியானம் எடுப்பாங்க. அடுப்பு பத்தவெக்கறதில்ல. ஊரே சொல்லி, நான் கெஞ்சி, அந்த யுகாதிய மட்டும் செஞ்சாங்க. அதோட முடிஞ்சிடும்னுதான் நெனச்சேன். மறுநாள் விடியக்காலம் எனக்கு போன். 'எதிர்வீட்டுக்காரருக்கு சுகராம்டி, வெந்தயம் எவ்வளவு ஊறவெக்கணும்னு பாத்துச் சொல்லு'ன்னாங்க. அன்னிக்கு எழுந்தவங்க அங்கிள்."

சொல்லிவிட்டுப் படியிலிருந்து எழுந்தாள்.

"ப்ளீஸ் அங்கிள். உங்களுக்கு சுகர் இருக்கட்டும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் இவ்வளவு நிரந்தரமான வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. படியில் நின்று யோசித்துப் பார்த்தேன். இதில் யார் யாருக்கு நல்லது செய்தது? அம்மா எனக்குச் செய்தார், ஆனால் எனக்கு நோய் இல்லை. நான் அம்மாவுக்குச் செய்தேன் என்றால், நான் பாகற்காய் விழுங்கியதைத் தவிர வேறு என்ன செய்தேன்? என் மனைவி எனக்காக வாயைத் திறந்தாள், அந்த நல்லது குறி தவறி எதிர்வீட்டில் போய் விழுந்தது. கணக்கு எந்தப் பக்கத்திலிருந்து கூட்டினாலும் எனக்கு இடிக்கிறது. மனைவியிடம் கேட்டேன். "எல்லாப் பெருமையும் எனக்குத்தான்," என்றாள்.

இந்த யுகாதிக்கும் கூப்பிட்டார். இலை போட்டார். கோசம்பரி, மாங்காய்ச் சித்ரான்னம், எல்லாம் வந்தபிறகு ஒரு தட்டு நிறைய ஒப்பட்டு வந்தது. அதில் ஒன்றை எடுத்துப் பிட்டு, பாதியை என் இலையில் வைத்தார். 

"கட்டுப்பாட்டுலதான இருக்கு. அரை சாப்பிடலாம்ப்பா."

நெய்கூட ஒரு சொட்டு விட்டார். சாப்பிட்டேன். ஏலக்காய் மணம் மூக்குவரை ஏறியது. எவ்வளவு நாளைக்குப் பிறகு, பயமில்லாமல், இந்த ஊருக்குள் நான் சாப்பிடும் இனிப்பு! உள்ளே குக்கர் கத்தியது. அம்மா தட்டை என் இலைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போனார்.

கூடத்தில் நான், மனைவி, புகைப்படம், தட்டு. மேலே இருந்த ஒப்பட்டு ஓரம் சிவந்து, இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. எடுத்தால் யாருக்கும் தெரியாது. எடுத்தால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, எனக்குத்தான் இல்லையே. மாலைக்குள்ளிருந்து அவர், 'எடுங்க சார், டாக்டருங்க சும்னே சொல்றாங்க' என்பதுபோல இருந்தது. என் கை இலை ஓரம்வரை போனது. அங்கேயே நின்றது.

அம்மா திரும்பி வந்தார். முதலில் தட்டைப் பார்த்தார், பிறகு என்னை. ரசம் ஊற்றினார். ஊற்றும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தட்டு பக்கத்துலயே இருந்துச்சு. ஏன் எடுக்கல?"

"தெரியல."

என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களுக்கு நெஜமாவே வந்துடுச்சா?"