ஊரடங்கு நாளில் அணைய மறுத்த கம்ப்யூட்டர்

யுத்த காலத்தில் கண்டியில் ஒரு சின்னக் கடையில் போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதைத் துடைப்பதோடு என் வேலை சரி. டைப் செய்தது ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். கலகெதரயில் அண்ணன் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் வந்து போவாள்.

முதலாளி பக்கத்திலுள்ள மடவளை ஊர் முஸ்லிம்; அண்ணன் என்ற முறையில் அவரை நானா என்போம். கடை வாசலை இலக்கமிட்ட பலகைகளால் மூடுவோம். வரிசை மாறினால் கடைசிப் பலகை நுழையாது. கம்ப்யூட்டரும் அப்படித்தான் என்று அவர் நம்பினார். திறந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக, ஒழுங்காக மூடிய பிறகே அணைக்க வேண்டும்.

"அப்ப பலகைக்குப் போடுற மாதிரி இதுக்கும் நம்பர் போட்டுத் தாங்கோ நானா" என்பாள் அவள். சிரிப்பார். சட்டம் மட்டும் மாறாது.

ஒருநாள் பின்னேரம் நகரில் கலவரமென்று ஊரடங்கு அறிவித்தார்கள். கலகெதரக்கு ஒரு பஸ்தான் மிச்சம். அதை விட்டால் யாழ்ப்பாண அடையாள அட்டையோடு அவள் இரவில் சோதனைச் சாவடியில் மாட்டிக்கொள்வாள். அந்த நேரம் பார்த்து, அவள் பாதி நாள் உழைத்த கலியாண அழைப்புக் காட் சேமிக்கப்படாமல் திரையில் உறைந்து நின்றது. அணைக்கப் பார்த்தால், பொறு பொறு என்றது.

"கட்டாயப்படுத்தி மூடினா எல்லாம் போயிடும் நானா."

"போனா போகட்டும் புள்ள. காட்ட நாளைக்கும் அடிக்கலாம்."

"ஒவ்வொண்டாத்தானே மூடவேணும்?"

"மண்ணாங்கட்டி! அமத்து!" என்னைப் பார்த்தார். "நீங்க ஓடிப்போய் பஸ்ஸ நிப்பாட்டுங்க."

அவள் மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினாள். பிறகு மவுஸைத் தட்டத் தட்டத் திறந்திருந்தவையெல்லாம் மளமளவென்று மறைந்தன. நான் செருப்பைத் தேடி எடுக்குமுன் திரை கறுத்துவிட்டது.

பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கடையில் மிச்சக் காசு கேட்கவே கூசுகிற நான், அதன் முன்னால் கையை விரித்து நின்று, தங்கச்சி வருகிறாள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன்.

"பஸ் நின்றுவிட்டது ஐயா, இனிக் கத்த வேண்டாம்" என்றான் கொண்டக்டர் சிங்களத்தில். உள்ளே சிரித்தார்கள்.

அவள் மூச்சிரைக்க ஓடிவந்து ஏறினாள். "அண்ணை, இப்பிடி ஒரு குரலை எங்க ஒளிச்சு வச்சிருந்தனீங்கள்?"

நான் பஸ்ஸின் தகரத்தைத் தட்டி, போகலாம் என்று கை காட்டினேன்.

மறுநாள் ஊரடங்கு தளர்ந்து கடை திறந்தபோது தேநீர் வாங்கி வைத்திருந்தேன், குடிக்கவில்லை. அவள் வந்து கதிரையை இழுத்து உட்கார்ந்து, "காட்டை முதலில இருந்து தொடங்கட்டோ?" என்று கேட்ட பிறகுதான், ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தேன்.