வராத பிள்ளைக்கு வருகை

பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீட்டுக்குக் கார்டு எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்கு என் கையெழுத்துதான் காரணம் என்று பெரிய சார் சொன்னார். தலைமையாசிரியரை எங்கள் ஊரில் பெரிய சார் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து டவுன் பஸ்ஸில் கால் மணி நேரம் போனால், தாமிரபரணியிலிருந்து பிரிந்து வரும் கால்வாயை ஒட்டி இருந்த அரசு உதவி பெறும் நடுநிலைப்பள்ளி அது. தொண்ணூறுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தேன். எனக்குப் பின்னால் யாரும் சேரவில்லை. கடைசியாக வந்தவள் தலையில்தானே எல்லாவற்றையும் கட்டுவார்கள்! என் கையெழுத்து அழகு என்பதெல்லாம் சும்மா பேச்சு.

ஒரு பிள்ளை மூன்று நாள் சேர்ந்தாற்போல் வரவில்லையென்றால் வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை. 'தங்கள் மகன் இன்ன தேதி முதல் பள்ளிக்கு வரவில்லை. காரணம் தெரிவிக்கவும்.' அவ்வளவுதான் வாசகம். ஆனால் அஞ்சலட்டைக்கு ஏது மூடி? தபால்காரர் டீக்கடையில் சைக்கிளை நிறுத்தி அங்கேயே வாசித்துவிடுவார். கார்டு வீட்டுக்குப் போகுமுன் சேதி போய்விடும். ஒரு தடவை ஒரு தாய், இடுப்பில் கைக்குழந்தையோடு வகுப்பு வாசலில் வந்து நின்று சண்டை பிடித்தாள். "எம் மவனுக்கு வயித்தால போச்சு. அதை வீட்டுல வந்து கேக்கக் கூடாதா? கார்டைப் போட்டு ஊரைக் கூட்டுவியளோ? டீக்கடையில நிக்கவனெல்லாம் எங்கிட்ட துக்கம் விசாரிக்கான்!" பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். மறுநாள் அவள் மகன் முதல் மணிக்கே வந்துவிட்டான்.

கார்டுக்குப் பயப்படாமல், எனக்கும் போடுங்கள் என்று கேட்டு வந்தவர் ஒரே ஒருவர். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த ஒரு பெண்ணின் அப்பா. மாஞ்சோலையில் தேயிலைத் தோட்ட வேலை. மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. தான் தேயிலைக் காட்டுக்கு வேலைக்குப் போனபின் பிள்ளை தோட்டத்து லயன் வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று, எங்கள் ஊரிலிருந்த தன் அக்கா வீட்டில் விட்டிருந்தார். ஜூனில் பள்ளி திறந்த அன்று மலைப் பஸ்ஸில் இறங்கி வந்து, முகவரி எழுதிய ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினார்.

"டீச்சர், எங்க அக்கா வீட்டுக்குப் போடாதிய. எனக்குப் போடுங்க. எனக்கு வாசிக்கத் தெரியாது, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசிச்சுச் சொல்லிருவாரு. கார்டு வரலைன்னா எம் பிள்ள பள்ளிக்கூடத்துல இருக்கான்னு நான் பாட்டுக்கு வேலையைப் பாப்பேன்."

எட்டு முடித்து அம்பாசமுத்திரத்தில் ஒன்பதாம் வகுப்பு, அப்புறம் டீச்சர் டிரெயினிங் என்று அவர் மனதுக்குள் எல்லாவற்றையும் கட்டி வைத்திருந்தார். அந்தப் பெண்ணும் கெட்டிக்காரி. வாய்க்கணக்கில் எனக்கு முன்னால் விடை சொல்லிவிடுவாள். எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

ஜூலை நடுவில் அவள் வருவது நின்றது. அத்தை வீட்டில் பீடி சுற்ற உட்கார வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொன்னாள். மூன்றாம் நாள் கார்டை எடுத்து மாஞ்சோலை முகவரியும் எழுதிவிட்டேன். பெரிய சார் கூப்பிட்டார்.

"அந்தக் கார்டை இங்கன வைம்மா. ஆகஸ்டுல ஆபீஸ்லருந்து தலை எண்ண வருதாங்க. ஒரு தலை குறைஞ்சாலும் ஒரு போஸ்ட் போச்சு. யாரு போஸ்ட்டுன்னு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. எங்கள் மாதிரிப் பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குத் தக்கபடிதான் ஆசிரியர் இடம். அந்த வருஷம் எட்டாம் வகுப்பு விளிம்பில் நின்றது. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. மில் மூடியதிலிருந்து வீட்டுக்காரருக்கு வேலை கிடையாது. அடுப்பு எரிவது என்னை நம்பித்தான். பெரிய சார் கெட்டவர் என்றால் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் வாய் உண்டு. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கஷ்டம். "இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும். மறுநாளே நீ கார்டு போடு. நான் ஏன்னு கேட்டேன்னா கேளு" என்றார்.

வருகைப் பதிவேட்டில் காலைக்கு ஒரு சாய்கோடு, மதியத்துக்கு அதன் குறுக்கே இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி, பிள்ளை அன்று முழுக்கப் பள்ளியில் இருந்ததாக அர்த்தம். அவள் பெயருக்கு நேரே கோடு போட்டபோது கை நடுங்கியது என்று எழுதினால் அழகாகத்தான் இருக்கும். நடுங்கவில்லை. மற்றக் கோடுகளைப் போலவே விழுந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலையில் பெரிய சாரே அத்தை வீட்டுக்குப் போய் அவளைக் கூட்டி வந்தார். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, சலவை செய்த சீருடை. முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அதிகாரி ஒரு வட்டிக் கணக்குக் கேட்டார். நான்கு வாரம் வகுப்பையே பார்க்காத பிள்ளை எழுந்து டக்கென்று விடை சொன்னாள். "கெட்டிக்காரப் பிள்ளையா இருக்கே, நல்லா நடத்துறீங்க டீச்சர்" என்றார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சீ, இப்போது நினைத்தாலும் கூசுகிறது. சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"நாளைக்கும் வரவா டீச்சர்?"

"வா" என்றேன். அவள் வரவில்லை.

கார்டைப் பற்றிப் பெரிய சாரிடம் கேட்டேன். உன் போஸ்ட் நிலைக்கிற ஆர்டர் வரட்டும் என்றார். ஆர்டர் வந்தது. திடீரென்று இன்னொரு தரம் வந்து எண்ணினால் என்ன செய்வாய் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பள்ளி விட்டதும் நேரே அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டு நடையில் மூன்று பேர் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் அவள். குனிந்த தலை நிமிரவில்லை, விரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இவளை நாளையே பள்ளிக்கு அனுப்பாவிட்டால் அப்பாவுக்குக் கார்டு போடுவேன் என்று அத்தையிடம் கத்தினேன்.

அத்தை கத்தவில்லை. பீடி கட்டிய நூலைப் பைய அறுத்துவிட்டுச் சொன்னாள்: "போடுங்க டீச்சர். என்னன்னு போடுவிய? தெனமும் வந்ததா நீங்கதானே கோடு போடுதிய? பெரிய சாரு வந்து ஒரு நாளைக்கு மட்டும் அனுப்புங்கன்னு எங்கிட்ட கேட்டுட்டுப் போனாரு. எம் பிள்ளையள் ரெண்டும் இதைச் சுத்தித்தான் வளந்துச்சு. இவளை மட்டும் கலெக்டராக்கணுமாக்கும்?"

நான் படியிறங்கி வந்துவிட்டேன். திரும்பி வரும் வழியெல்லாம் நல்ல நல்ல பதிலாகத் தோன்றியது.

அதன்பின் நான் கட்டிப்போட்ட மாடுதான். வராத நாளுக்கெல்லாம் வந்ததாக என் கையால் போட்டாகிவிட்டது. இனி 'வரவில்லை' என்று ஒரு வரி எழுதினால், அந்த இரண்டு மாதக் கோடும் பொய் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. பெயர் போடாமல் ஒரு கார்டு போடலாமா என்றுகூட யோசித்தேன். ஊரில் பாதி வீட்டில் என் கையெழுத்து கிடக்கிறது, தபால்காரர் முகவரியைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "இந்த வருஷம் மட்டும் பல்லைக் கடிச்சுக்கோ" என்றார். கரும்பலகையின் மூலையில் தினமும் பதிவு இத்தனை, வருகை இத்தனை என்று எழுதுவோம். பிள்ளைகள் பின்னால் திரும்பித் தலையை எண்ணிப் பார்ப்பார்கள். ஒன்று இடிக்கும். ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை.

தீபாவளி கழிந்து, மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு காலையில் பெரிய சார் அறையிலிருந்து ஆள் வந்தது. போனேன். மலையிலிருந்து அவள் அப்பா வந்திருந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். பக்கத்தில் அவள்.

"டீச்சர், இவ எனக்குக் காயிதம் எழுதிப் போட்டிருக்கா. அத்தை பள்ளிக்கூடத்துக்கு விடலை, ஆடி மாசத்துலருந்து பீடிதான் சுத்துதேன்னு. எங்க அக்காட்ட கேட்டா, 'மலைக்கு வரணும்னு நாடகம் ஆடுதா, பொய் சொல்லுதா'ங்கா. எனக்கு யாரு சொல்லுதது நெசம்னு தெரியலை. ஒங்க கார்டும் வரலை. நீங்க சொல்லுங்க. எம் பிள்ள பள்ளிக்கூடத்துக்கு வருதாளா?"

பெரிய சார் பதிவேட்டை எடுத்துப் பிரித்து அவர் பக்கம் திருப்பினார். வாசிக்கத் தெரியாதவருக்கும் பெருக்கல் குறி தெரியும். பெரிய சார் விரலை வைத்துக் காட்டக் காட்ட, ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்று அவர் கண் போனது. வராத நாளுக்குப் போடும் சிவப்பு மை ஓர் இடத்திலும் இல்லை. அவர் நிமிர்ந்தார்.

"டீச்சர் வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும் சார்."

வரவில்லை என்று சொல்லிவிட்டால் அவளை அன்றே அம்பாசமுத்திரத்தில் ஒரு விடுதியிலாவது சேர்த்துவிடுவார். அவர் அப்படிப்பட்டவர், எனக்குத் தெரியும். பெரிய சார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் குழந்தை முகம் வந்தது. அந்தப் பெண் என்னையே பார்த்தாள்.

"வருதா" என்றேன்.

அவர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு மகளைப் பார்த்துத் திரும்பினார். "ஏட்டி, என்னட்டி இது?"

அவள் நினைத்திருந்தால் என்னை அந்த இடத்திலேயே நாறடித்திருக்கலாம். வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றால் போதும். தன் நோட்டைக் காட்டினாலே போதும், ஜூலைக்குப் பிறகு அதில் ஒரு வரி கிடையாது. அவள் என்னைப் பார்த்தாள், பெரிய சாரைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நாந்தான்பா பொய் சொன்னேன். ஒங்கூட மலைக்கு வரணும் போல இருந்துச்சு."

அவர் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பா எடுத்துக்காதிய டீச்சர். தாயில்லாப் பிள்ள, புத்தி கெட்டு எழுதிட்டா. ஒங்க மேல சந்தேகப்பட்டு நான் மலையிலருந்து வந்துட்டேன் பாருங்க." அவள் முதுகில் கையை வைத்து என் பக்கம் தள்ளினார். "டீச்சர்ட்ட மன்னிப்புக் கேளு."

அவள் கிட்டே வந்தாள். விரலெல்லாம் புகையிலை வாடை.

"மன்னிச்சிருங்க டீச்சர்."

அவள் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"சரி, இனிமே பொய் சொல்லக் கூடாது" என்றேன்.