என் பெயருக்கு நேரே ஓர் எண்

இந்த வருடம் எத்தனை புத்தகம் படிப்பாய்?

மார்கழி பிறந்ததிலிருந்து இந்தக் கேள்வி என் போனில் கிடக்கிறது. உத்தமபாளையத்தில் என்னோடு கல்லூரியில் படித்த பெண்களும் நானுமாகச் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். புத்தகம் படிப்பதற்கென்றே உள்ள குழு. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஆளுக்கொரு சவால் எடுத்துக்கொள்ள வேண்டும். வாரம் ஒரு புத்தகம் என்று சிலர் எடுப்பார்கள், தினம் பத்துப் பக்கம் என்று சிலர். வாங்கிப் போட்டுப் பிரிக்காமல் வீட்டில் கிடப்பதை மட்டும் முடிப்பேன் என்றாள் ஒருத்தி. எதுவானாலும் பொங்கலுக்குள் அவரவர் பெயருக்கு நேரே எழுதிவிட வேண்டும். எல்லோரும் எழுதிவிட்டார்கள். என் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை.

குழுவை நடத்துகிற அக்கா கல்லூரியில் எனக்கு சீனியர். போன வாரம் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள்.

“ஏய், எல்லாரும் போட்டாச்சு. ஒம் பேரு மட்டும் மொட்டையா நிக்கிது. பெரிய நம்பர் வேணாம்டி, எதையாச்சும் போடு. போன வருசம் வாரம் ஒண்ணுன்னு வீராப்பா போட்டவ தானே நீ.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். திரும்பவும் போட்டுக் கேட்டேன். பதில் அனுப்பவில்லை.

போன வருடம் அப்படி எழுதியதற்கு ஒரு காரணம் இருந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

என் கணவர் ஒவ்வொரு வருடமும் கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறவர். அல்லிநகரத்தில் எங்களுக்குச் சின்ன வீடு. அவர், மாமியார், நான், எல்கேஜி படிக்கும் மகள். மாலை போட்ட நாளிலிருந்து மலைக்குப் போய்த் திரும்பும்வரை வீட்டில் எல்லோரும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். மகள்கூட, “சாமி, ஷூ மாட்டி விடு” என்று அவரிடம் காலை நீட்டுவாள். அவர் செருப்பையே தொடக் கூடாதவர். என்னைப் பார்ப்பார்.

அந்த நாட்களில் எனக்கு மாதவிலக்கு வந்தால் நான் அந்த வீட்டில் இருக்கக் கூடாது. ஒதுங்கி உட்கார இடமில்லாத வீடு என்பதால் அனுமந்தன்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் இருப்பதால் அவள் மாமியாரோடு இருந்துகொள்வாள். அம்மா வீட்டில் மாடியில் ஓர் அறை. சாப்பாடு அங்கேயே வந்துவிடும். நான் எதையும் தொடக் கூடாது என்பதால் யாரும் என்னிடம் எதையும் எடுத்துத் தரச் சொல்வதில்லை. ஜன்னலுக்குக் கீழே திராட்சைப் பந்தல். காலையில் கொஞ்ச நேரம் மருந்தடிக்கும் மெஷின் ஓடும். அதற்குப் பிறகு காற்றுச் சத்தம் மட்டும்தான்.

பிள்ளை பெற்ற பிறகு என்னால் புத்தகம் படிக்க முடியாமல் போயிருந்தது. நேரமில்லை என்பதும் உண்மைதான், ஆனால் அது மட்டுமில்லை. ஒரு பக்கத்தை முடிக்கும்போது அதன் முதல் பத்தியில் என்ன இருந்தது என்று தெரியாது. கண் ஓடும், உள்ளே ஒன்றும் இறங்காது. அடுப்பில் பால் இருக்கிறதா, கேட்டைச் சாத்தினேனா, தூங்குகிறவளுக்கு மூச்சு சீராக வருகிறதா என்று காது வேறெங்கோ இருக்கும். கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே நாவல் படித்தவள் நான். அப்படிப்பட்டவள் பலசரக்கு மடித்து வந்த காகிதத்தைக்கூட முழுதாகப் படிக்க முடியாதவளாக ஆகியிருந்தேன்.

போன கார்த்திகையில் அந்த மாடி அறையில்தான் ஒரு நாவலை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். மார்கழியில் போனபோது இன்னொன்று. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னலில் வெயில் இடம் மாறியிருந்தது. அது மாறியதே எனக்குத் தெரியவில்லை. அதுதான் பெரிய சந்தோஷம்.

இந்த வழக்கம் சரியில்லை என்று எனக்குத் தெரியும். கல்லூரியில் இதைப் பற்றி மேடையேறிப் பேசியிருக்கிறேன். ஆனாலும் அந்த நாட்களை நான் எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன். ஐயப்ப பக்தர்களின் வண்டிகளால் சின்னமனூரில் பஸ் நகராமல் நின்றபோது, படிக்கிற நேரம் வீணாகிறதே என்றுதான் எரிச்சல் வந்தது.

அந்தத் தைரியத்தில்தான் புத்தாண்டு அன்று வாரம் ஒன்று என்று எழுதினேன். ஒரு மாடி அறையை வைத்து வருடம் முழுவதற்கும் திட்டம் போட்டுவிட்டேன். அவர் மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினார். அன்றிலிருந்து எந்த நாளிலும் நான் எதையும் தொடலாம் என்று ஆகிவிட்டது. தோசைக் கரண்டி, துணி வாளி, மகளின் வீட்டுப்பாடம் எல்லாம் கைக்கு வந்தன. குழுவில் மற்றவர்கள் படித்து முடித்த புத்தகங்களின் அட்டையைப் படமெடுத்துப் போடுவார்கள். நான் கைதட்டும் படத்தைப் போடுவேன். சித்திரைக்குப் பிறகு அதையும் போடவில்லை.

இந்தக் கார்த்திகைக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா தெரியவில்லை. அவர் மாலை போட்ட அன்றே இரண்டு புத்தகங்களைத் துணிப்பையில் எடுத்து வைத்துவிட்டேன். ஊருக்குப் போக வேண்டிய நாள் வந்தது. போகவேண்டிய அவசியம் வரவில்லை. அலைச்சலால் தள்ளிப்போகிறது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் வரவில்லை.

அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த மாமியார்தான் முதலில் கேட்டார்.

“ஏத்தா, இந்த மாசம் ஊருக்குப் போகலையா நீயி?”

“இன்னும் இல்ல அத்தை.”

அவர் காயைத் தட்டில் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். “ஐப்பசியில எப்ப?”

சொன்னேன். அவர் விரலை மடக்கி நீட்டி எண்ண ஆரம்பித்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. விரதத்தில் இருக்கும் வீடு இல்லையா. எண்ணி முடித்த பிறகுதான் மூச்சு விட்டார்.

“மாலை போடுறதுக்கு முந்திதேன். நல்லவேளை, ஊரு வாய்க்குப் பதில் சொல்ல வேண்டியதில்ல.” அப்புறம்தான் முகம் மலர்ந்தது. வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏலே சாமி, இங்கன வா.”

“அம்மா, ஒண்ணு ஏலேன்னு கூப்புடு, இல்லாட்டி சாமின்னு கூப்புடு” என்றபடி அவர் உள்ளே வந்தார்.

விஷயம் தெரிந்ததும் அவருக்குக் கண் கலங்கியது. மாலை போட்டிருந்ததால் கையைப் பிடிக்கவில்லை, தள்ளி நின்றே பேசினார். “இனி ஒனக்கு ரெஸ்ட்டுதானே. படுத்துக்கிட்டு நல்லா புத்தகம் படி.”

நல்ல மனிதர். மனதாரத்தான் சொன்னார். அதனால்தான் சரியென்று தலையாட்டினேன்.

அம்மா போனில் கேட்டாள். “மாப்ள என்ன சொன்னாக? ஒங்க அத்தைக்குச் சந்தோசந்தானே?”

“எல்லாருக்கும் சந்தோசம்மா.”

அந்த எல்லாரிலும் நானும் இருக்கிறேனா என்று கேட்பாள் என நினைத்தேன். “நீ வருவன்னு மாடி ரூமக் கூட்டிப் போட்டு வச்சிருந்தேன். இனி எங்கிட்டு வரப்போற. திராட்சைப் பெட்டிய அதுல அடுக்கச் சொல்லிட்டேன்” என்றாள்.

துணிப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்தேன். காகித வாசனை வந்ததும் குமட்டியது. மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு பார்த்தேன். எழுத்துகள் இருந்தன, வாக்கியம் இல்லை. முதல் பிள்ளையின்போதும் இப்படித்தான் தொடங்கியது. அன்றைக்குப் போன வாசிப்பு, அந்த மாடி அறையைத் தவிர வேறெங்கும் எனக்குத் திரும்பவில்லை. இப்போது அந்த அறையும் இல்லை. இந்த முறை போனால் அடியோடு போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

இதெல்லாம் ஒரு துக்கமா என்றும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்காகக் கோயில் கோயிலாக ஏறி இறங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நான் ஓர் அறைக்காக அழுகிறேன். இந்த அழுகை வயிற்றில் இருப்பதற்குத் தெரியுமோ என்று வேறு கவலை. சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்து நினைத்தே களைத்துப் போகிறேன்.

தினம் ஒரு பக்கம் என்றாவது எழுதலாம் என்று நினைத்து முந்தாநாள் முயன்று பார்த்தேன். மகள் தன் படப் புத்தகத்தோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் பாட்டுக்குப் பக்கங்களைத் திருப்பிக்கொண்டே இருந்தவள், என் புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

“அம்மா, நீ ஏன் திருப்பவே மாட்டேங்குற?”

“படிச்சிக்கிட்டு இருக்கேன்டா.”

“பொய்யி” என்றாள்.

நாளை அவருக்கு இருமுடி கட்டுகிறார்கள். வீடு முழுக்க நெய்யும் தேங்காயுமாக இருக்கிறது. “ஒனக்கு என்ன வேண்டிக்கிட்டு வரட்டும்?” என்று கேட்டார். வாய்வரை வந்தது. புத்தகம் படிக்க முடிய வேண்டும் என்று எப்படிச் சொல்வது. “எல்லாரும் நல்லா இருக்கணும்” என்றேன்.

குழுவில் என் பெயருக்கு நேரே ‘ஒன்று’ என்று அடித்துவிட்டு அழித்தேன். அந்த ஒன்றையும் முடிக்க முடியாமல் போனால் அடுத்த மார்கழியில் என்னிடம் மிச்சம் எதுவும் இருக்காது. வெறுமனே விட்டுவைத்தால், எழுதாததால்தான் படிக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளவாவது இடமிருக்கும். பேசாமல் குழுவை விட்டு வெளியேறிவிடலாமா என்றும் தோன்றுகிறது. வெளியேறினால் எத்தனை புத்தகம் என்று என்னைக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள். அதை நினைத்தாலும் தாங்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் இரண்டாவது பிள்ளைக்குப் பிறகும் வாசிப்பு திரும்பி வந்தவர்கள் இருந்தால், அது எப்படி வந்தது, எங்கே உட்கார்ந்து படித்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள். வரவே இல்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். என் பெயருக்கு நேரே நான் என்ன எழுதட்டும்?