பச்சைக் கறைக்கு அடியில்

அணில்முடித் தூரிகை கண்ணாடித் தகட்டின் மேல் மெல்ல இறங்கியது. தூசி மட்டும் விலகியது; விரல் எங்கும் படவில்லை. விளக்கின் முன் தூக்கிப் பிடித்ததும் தோட்டம் தெரிந்தது. கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் பின்புறம். சிவப்பு அரளி, மஞ்சள் கொன்றை, ஓரத்தில் கிணறு. கிணற்றடியில் ஒரு பெண். முகம் இருக்க வேண்டிய இடத்தில் பாசி போலப் பச்சைக் கறை.

கல்யாணசுந்தரிக்குக் கழுத்து வலித்தது. காலையிலிருந்து அந்த முகத்தோடுதான் மல்லுக்கட்டு. தட்டாசாரி வீட்டில் பிறந்து, காரைக்குடியில் கணவரின் ஸ்டுடியோவில் பழைய படங்களைச் செப்பனிடக் கற்றவர். கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றார்.

இது ரங்கூனிலிருந்து வாங்கிவந்து எடுத்த அந்தக் கால வண்ணத் தகடு; கருப்பு வெள்ளை உருவத்தோடு சாயத் துகள்கள் தனி அடுக்காகப் படிந்திருக்கும். ஈரம் புகுந்தால் பச்சைச் சாயம் கரைந்து பரவிவிடும். ஏதோ ஒரு பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, சாமி படங்களோடு இதையும் ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள்.

தகட்டைக் கொண்டுவந்திருந்த சிதம்பரம் எதிரே வந்து உட்கார்ந்தார். எண்பது வயது. படத்திலிருக்கும் வீட்டில் பிறந்து, சிறுவயதிலேயே தேவகோட்டைப் பங்காளி வீட்டுக்குத் தத்துப்பிள்ளையாகக் கூட்டிப் போகப்பட்டவர். அந்த வருஷமே பெற்றவள் இறந்துபோனாள். கிணற்றடியில் நிற்பது அவள்தான். வேறு படம் கிடையாது.

"முகம் கிடைச்சுச்சா ஆத்தா?"

"கிடைச்சிருச்சு ஐயா. கறைக்கு அடியில கருப்பு வெள்ளை உருவம் கெடாம இருந்துச்சு. நிறந்தான் போயிருச்சு."

"எனக்கு நிறந்தானே வேணும்." அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போன வீட்ல எல்லாரும் செவத்தவுக. பந்தியில உக்காந்தா, இலையில கரித்துண்டை எவன்டா வச்சதும்பாக. பெத்தவ நிறத்தையாச்சும் கொண்டிருக்கேனான்னு கேட்டா, சொல்ல ஆளில்ல. கம்ப்யூட்டர்ல எல்லாம் பண்றீகளே, என் நிறத்தையே பூசிருங்க."

"பூசலாம். பாக்குறப்பல்லாம் அது நான் பூசுனதுன்னு உங்களுக்குத் தெரியுமே ஐயா."

அவர் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

கல்யாணசுந்தரி பெருமூச்சோடு உருப்பெருக்கியை மறுபடி எடுத்தார். இந்த முறை முகத்தை விட்டுக் கீழே வந்தார். கறை தோளோடு நின்றிருந்தது. அதற்குக் கீழே, அரளிக் கிளையை வளைத்துப் பிடித்த கை. தங்க வளையல், அதை ஒட்டிக் கருத்த மணிக்கட்டு, விரல்கள். ஈரம் அங்கே எட்டவில்லை; நிறம் அப்படியே இருந்தது. காலையிலிருந்து அதை அவர் பார்க்கவே இல்லை.

முகத்தைச் சாம்பல் நிறமாகவே விட்டு, தோட்டத்தையும் கையையும் இருந்தபடியே அச்சிட்டு எடுத்தார்.

"தகடு பழசாகி மங்கிருக்கு ஐயா. அவுக இதைவிட ஒரு பிடி வெளுப்பா இருந்திருக்கலாம். அதையும் சொல்லிரணும்ல."

சிதம்பரம் இரண்டு கையாலும் படத்தை வாங்கினார். அரளிக் கிளையைப் பிடித்த கையருகே அவருடைய கட்டைவிரல் வந்து நின்றது.

"இருக்கட்டும் ஆத்தா," என்றார். "நானும் ஒரு பிடி வெயில்ல கருத்திருப்பேன்."