எங்கள் வீட்டுத் தட்டு

திருவிடந்தை ரிசார்ட்டில் யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட, பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்கு ஓடிவிட்டேன். அந்த இடத்தில்தான் எங்கள் குப்பம் இருந்தது. புருஷன் அடித்தால் பெண்டாட்டி தட்டைத் தட்டுவாள். கேட்டதும் மகளிர் சங்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு தட்டோடு அந்த வீட்டு வாசலில் திரண்டு, அவன் வெளியே வரும்வரை தட்டைக் கரண்டியால் அடித்துத் தெருவையே அதிர வைப்பார்கள். சங்கத் தலைவி என் அம்மா. அப்பா அவள் தலையைச் சுவரில் மோதும்போது மட்டும் எங்கள் வீட்டில் தட்டுச் சத்தம் கேட்டதில்லை. மண்டை உடைந்த அன்றும், "வேணாண்டி, தலைவி வூட்லயேவான்னு சிரிப்பாங்க" என்று ரத்தக் கையால் என்னைத் தடுத்தாள். அந்தக் கையைக் கடித்து உதறிவிட்டுத் தட்டை எடுத்து அடித்தேன். கதவைத் திறந்தால், தெருவே தட்டோடு நின்றது.

"எத்தினி வருசமா இதுக்குக் காத்துகினு கீறோம்," என்றாள் எதிர்வீட்டு செல்வி அக்கா.