வெரிபீயில் ஒரு முதல் நன்மை

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குச் சிட்னியின் பென்டில் ஹில்லில் எங்கள் வீட்டு வாசலில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். பக்கத்தில் என் மனைவி பிலோமினா. பின் சீற்றில் பிளாஸ்ரிக் உறையோடு ஒரு வெள்ளைச் சட்டை மடிப்பு விழாமல் கொழுவியிருந்தது. தைத்தவள் பிலோமினாதான். எங்கள் ஞானப்பிள்ளை அனிற்றாவுக்கு ஞாயிற்றுக்கிழமை முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். மெல்பேணுக்குப் பக்கத்தில் இருக்கும் வெரிபீ வரை எண்ணூற்றுத் தொண்ணூறு கிலோமீற்றர். பிளேனில் போனால் சட்டை கசங்கும் என்று பிலோமினா ஒற்றைக் காலில் நின்றாள்.

அனிற்றா என் மனைவியின் தம்பி அன்ரனின் மகள். எட்டு வயது. அன்ரனுக்குத் தொழில் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்வது. நடிப்பவர்களின் தலைக்கு மேலே நீளத் தடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, படத்தில் தான் தெரியாமல் நிற்கிறவன். ஒரு கொம்பனியிலும் நிரந்தரம் இல்லை. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு.

இந்தப் பயணத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அன்ரனின் மனைவி றெஜினா எனக்குப் போன் எடுத்திருந்தாள்.

"அண்ணா, பிள்ளையின்ர பிறந்தநாள் போச்சு, பள்ளிக்கூடக் கொன்சேட் போச்சு, ஒண்டுக்கும் நான் வாய் திறக்கேல்லை. இந்த ஒரு நாள் அவர் பிள்ளைக்குப் பின்னால நிக்கவேணும். நீங்கள் முதலே வந்து நிண்டா அவர் வேலைக்குப் போகமாட்டார். அவருக்கு உங்களில பயம்."

"என்னில எங்கட வீட்டுப் பூனைக்கும் பயமில்லை பிள்ளை," என்றேன். ஆனாலும் வருகிறேன் என்று சொன்னேன்.

இங்கே எங்கள் ஆட்களின் பூசையில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. முதல் நன்மை வாங்கும் பிள்ளைக்குப் பின்னால் தாயும் தகப்பனும் நின்று ஆளுக்கொரு தோளில் கை வைப்பார்கள். ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளையை இப்போது நடத்திக்கொண்டு வருகிறோம் என்று அதற்கு அர்த்தம். றெஜினா கேட்டது அந்த ஒரு கையைத்தான்.

கூல்பேண் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிட்டது. கொங்கிறீற்றில் கட்டிய பெரிய செம்மறி ஆடு வீதியைப் பார்த்தபடி நின்றது. பெற்றோல் லீட்டர் ஒரு டொலர் எண்பத்தொன்பது. கண்டகாய்க்குப் பிறகு இரண்டு பக்கமும் கனோலா வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தன. ஒரு செபமாலை சொல்லி முடிந்தும் அந்த மஞ்சள் முடியவில்லை.

மத்தியானம் ஹோல்புறூக்கில் சாப்பிட இறங்கினோம். கடலில் இருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் அந்தச் சிறிய ஊரின் நடுவில், புல்தரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் கிடக்கிறது. தண்ணீருக்கு மேலே தெரியும் பாதி மட்டும் உண்மைக் கப்பலாம். மன்னார்க் கரையில் பிறந்தவன் நான். கப்பலைப் பார்த்ததும் கண் தானாகக் கடலைத் தேடியது. பக்கத்தில் பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் தமிழில் பேசினார். கோயம்புத்தூர்க்காரர்.

"தம்பி, கடல் எங்க?" என்று கேட்டேன்.

"அதாங்க எனக்கும் புரியல. கப்பல் முன்னாடி வந்துருச்சு. கடல் பின்னாடி வருமோ என்னமோ."

இறைச்சி அடைத்துச் சுட்ட இரண்டு 'பை'யும் இரண்டு தேத்தண்ணீரும் இருபத்தொரு டொலர். சாப்பிட்டுவிட்டு அல்பரியில் மறே ஆற்றைக் கடந்து விக்ரோறியாவுக்குள் போனோம்.

வெரிபீக்குப் போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. புது வீடுகள். எல்லாக் கூரையும் ஒரே சாம்பல் நிறம். மரங்கள் இன்னும் தடியில் கட்டியபடி நிற்கின்றன. அன்ரன் வெளியே வந்து, "அத்தான், களைச்சுப் போனியள்," என்று என் கையில் இருந்த பையை வாங்கினான். நாற்பது வயதுக்கு நரை கூடியிருந்தது. உள்ளே குசினியில் இடியப்பமும் சொதியும் மணத்தன. அனிற்றா ஓடிவந்து, "ஹாய் மாமா, ஹாய் மாமி," என்று இரண்டு பேரையும் ஒன்றாகக் கட்டிப்பிடித்தாள்.

நன்மை வாங்கிய பிறகு பிள்ளைகள் சார்பில் நன்றிச் செபம் சொல்ல அவளைத்தான் தெரிந்தெடுத்திருந்தார்கள். தமிழில் சொல்லவேண்டும். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இங்கிலிஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்ததைக் கரண்டியை மைக்காகப் பிடித்தபடி படித்துக் காட்டினாள்.

"கிட்டப் பிடிக்காத அம்மா," என்றான் அன்ரன். "ஒரு சாண் தள்ளி. மூச்சு விழக்கூடாது. ம், இப்ப சொல்லு."

"அப்பா, இட்ஸ் அ ஸ்பூன்."

"ஸ்பூன் எண்டாலும் ஒரு சாண்தான்."

றெஜினாவும் சிரித்தாள். நானும், வந்த காரியம் பாதி முடிந்தது என்று நினைத்துக்கொண்டு படுத்தேன்.

சனிக்கிழமை அன்ரனுக்கு ஒரு படத்தின் கடைசி நாள் வேலை. அன்றோடு முடிந்துவிடும் என்றான். பார்க்க ஆசைப்பட்டு நானும் போனேன். பக்கஸ் மார்ஷுக்கு அப்பால் ஒரு பண்ணை வீடு. வெரிபீயில் இருந்து ஐம்பது கிலோமீற்றர் இருக்கும். அவனுடைய காரில் பின் சீற் மடித்து, பெட்டிகளும் தடிகளும் கூரை வரைக்கும். பிள்ளையின் சீற் கராஜில் இருக்கிறது என்று அவனே சொன்னான்.

ஒரு கிழவி கேற்றடியில் நின்று மகனை வழியனுப்பும் காட்சி. படத்தை இயக்குவது ஒரு வெள்ளைக்காரப் பெண்பிள்ளை, முப்பது வயது இருக்கும். ஒவ்வொரு தரமும் முடிந்ததும் அவள் முதலில் அன்ரனின் முகத்தைத்தான் பார்த்தாள். அவன் தலையாட்டினால் சரி. எங்கோ வானத்தில் ஒரு பிளேன் வரும். எங்கள் காதில் விழ முன்னமே அவன் கையை உயர்த்துவான். எல்லாரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். அந்தப் பக்கம் பிளேனுக்குப் பஞ்சமில்லை.

ஒரு தரம் அன்ரன் ஹெட்போனைக் கழற்றாமலே என்னிடம் வந்து காதுக்குள் சொன்னான்: "அத்தான், கோவிக்காதேங்கோ. செபமாலையை விட்டிட்டுப் பொக்கற்றில இருந்து கையை எடுங்கோ. மணி உருளுற சத்தம் எனக்குக் கேக்குது."

இருபதடி தள்ளி நின்றிருந்தேன். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன்.

காட்சி முடிந்தாலும் அவன் வேலை முடிவதில்லை. ஒருவரையும் அசைய விடாமல், அந்த இடத்தின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்கிறான். பேச்சை வெட்டி ஒட்டும்போது இடையில் வைக்க அது வேணுமாம். அங்கே நின்ற முப்பது பேரும் கிழவியும் பண்ணைக் குதிரையும் பேசாமல் நின்றதைப் பார்க்க, பாதர் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்ற நேரத்துக் கோவில் மாதிரி இருந்தது.

பின்னேரம் காற்று எழும்பியது. கடைசிக் காட்சியை எடுக்க முடியவில்லை. படத்தை இயக்கிய பிள்ளை அன்ரனோடு கொஞ்ச நேரம் கதைத்தாள். அவன் காருக்கு வந்து பெல்ற்றைப் போட்டான்.

"நாளைக்கு விடிய எடுக்கினம்," என்றான். "ஒன்பதுக்கு முடிஞ்சிடும். பூசை பதினொண்டுக்குத்தானே. வந்திடுவன்."

"மாட்டன் எண்டு சொல்லேலாதோ?"

"சொல்லலாம். இன்னொருத்தன் வருவான். அவன் நல்லாச் செய்தா அடுத்த படத்துக்கும் அவனைத்தான் கூப்பிடுவினம். உங்கட வேர்ஹவுஸ் மாதிரி இல்லை அத்தான். எங்களுக்கு லீவு எண்டொரு சாமான் இல்லை."

வீட்டில் இதைக் கேட்ட றெஜினா, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சட்டையைத் திருப்பி மற்றப் பக்கம் போட்டாள். பிலோமினாதான் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "டேய், பிந்தினியோ, நான் உன்னைப் பெட்டியோட தூக்கிக் குப்பையில போடுவன்."

ஞாயிறு. கோவில் வாசலில் காற்று நல்ல குளிர். பன்னிரண்டு பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் சோடியாக நின்றார்கள். ஆகச் சின்னவள் என்று அனிற்றாவை முதலில் விட்டிருந்தார்கள். அவள் கார்ப் பார்க்கையே பார்த்தாள். பூசை தொடங்கியது. முதல் வாசகம் முடிந்தது. அன்ரனைக் காணவில்லை. என் வாய் செபம் சொன்னது, காது கதவடியில் நின்றது.

சுவிசேஷத்துக்கு எல்லாரும் எழும்பும்போது வந்துவிட்டான். கறுப்பு ரீசேட், சேறு பிடித்த சப்பாத்து. வாங்குப் பலகையில் என் பக்கத்தில் வந்து நின்றான். றெஜினா திரும்பிப் பார்த்து, பிறகு கண்ணை மூடினாள். முன் வரிசையில் இருந்து அனிற்றா கையை இடுப்புக்குக் கீழே வைத்து ஆட்டினாள். கடவுளே, உமக்கு நன்றி என்று என் நெஞ்சு சொன்னது. அவ்வளவுதான், இனிப் பயமில்லை என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஒலிபெருக்கியில் ஓர் இரைச்சல் இருந்தது. பாட்டு வரிகளைச் சுவரில் காட்ட ஒரு கொம்பியூட்டரைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தார்கள். அதில் இருந்து தேனீக் கூட்டம் மாதிரி ஒரு சத்தம். எனக்கு அது பழகிவிட்டது. அன்ரனுக்குப் பழகவில்லை. பிரசங்கம் முழுக்க அவன் விரல் வாங்கைத் தட்டியபடி இருந்தது. இரைச்சல் வரவரக் கூடியது. பாதர் சொல்வதே பாதி விளங்கவில்லை.

பரலோக மந்திரம் முடிந்ததும் என் பக்கம் சாய்ந்தான். "அத்தான், இந்தச் சத்தத்தில பிள்ளையின்ர செபம் ஒருத்தருக்கும் விளங்காது. அவள் எவ்வளவு பாடமாக்கினவள். ரெண்டு நிமிசம்."

"இப்ப போகாத," என்றேன்.

"ஒரு வயரைத்தான் மாத்தவேணும். உடன வந்திடுவன்."

பூசை உடுப்பு மாற்றும் அறைக்குப் பின்னால்தான் அந்த மெசின் இருக்கிறதாம். பக்கக் கதவால் போய்விட்டான். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லி முடிந்தது. இறைவனின் செம்மறியே என்ற பாட்டு முடிந்தது. பாதர் நற்கருணையோடு இறங்கி வந்தார். அனிற்றா எழும்பினாள். றெஜினா போய்ப் பிள்ளைக்குப் பின்னால் நின்று வலது தோளில் கை வைத்தாள். இடது பக்கம் வெறுமையாக இருந்தது. பாதர் கொஞ்சம் பொறுத்தார். பின்னால் பதினொரு பிள்ளைகள், அவர்களின் தாய் தகப்பன்மார்.

பிலோமினா என் விலாவில் இடித்தாள். "போங்கோ. ஞானத்தகப்பன்தானே. போங்கோ."

போனேன். கையை வைத்தேன். பிள்ளை உடனே திரும்பி மேலே பார்த்தாள். அப்பா என்று நினைத்து அந்த முகம் வந்த விதத்தையும், என்னைக் கண்டு திரும்பிய விதத்தையும் நான் எழுதாமல் விடுகிறேன்.

அந்த நேரம் பார்த்து இரைச்சல் நின்றது. கோவில் ஒரேயடியாக அமைதியானது. "கிறிஸ்துவின் திருவுடல்," என்றார் பாதர். "ஆமென்," என்றாள் அனிற்றா. பாதரின் உடுப்பில் குத்தியிருந்த மைக் அதைப் பிடித்து ஆகக் கடைசி வாங்குக்கும் கொடுத்தது.

நன்றிச் செபத்துக்கு முதல் அன்ரன் திரும்பி வந்தான். கையில் வயர் சுற்றும் கறுத்த ரேப். றெஜினா தள்ளி இருந்து இடம் விட்டாள், முகத்தைத் திருப்பவில்லை. அனிற்றா மைக்கில் இருந்து ஒரு சாண் தள்ளி நின்று சொன்னாள். "இயேசுவே, என்னைக் கூட்டிக்கொண்டு வந்த அம்மா அப்பாவுக்காக உமக்கு நன்றி." ஒரு எழுத்தும் சிதறவில்லை.

மண்டபத்தில் றோல்ஸும் கேக்கும் கொடுத்தார்கள். ஒரு அங்கிள் அன்ரனின் முதுகில் தட்டி, "இண்டைக்குத்தான் தம்பி எங்கட கோவிலில பூசை விளங்கினது," என்றார். அன்ரன் சிரிக்கப் பார்த்தான். அனிற்றா வந்து, "அப்பா, மைக் வாஸ் குட். ஒரு சாண்," என்று விரலை விரித்துக் காட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் றெஜினா பேசினாள், மெதுவாக. "நீங்கள் வராட்டி வேலை எண்டு பிள்ளைக்குச் சொல்லியிருப்பன். சொல்லிப் பழக்கம். வந்து நிண்டிட்டுப் போனீங்கள். இதுக்கு நான் என்ன சொல்லுறது?"

அவன் கையில் இருந்த ரேப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நானும் பிலோமினாவும் தேத்தண்ணீர் எடுக்கப் போவதுபோல் விலகினோம்.

திங்கள் காலை வெளிக்கிட்டோம். றெஜினா புட்டுக் கட்டித் தந்தாள். அனிற்றா பள்ளிக்கூடம் போய்விட்டாள். அன்ரன் கார்க் கண்ணாடியில் கை வைத்துக் குனிந்தான்.

"அத்தான், ஒண்டு சொல்லவேணும். அவள் ஆமென் சொல்லேக்க நான் ஹெட்போன் போட்டிருந்தனான். சத்தம் நிண்டிட்டுதோ எண்டு பாக்க. அவள் மூச்சு எடுத்ததுகூடக் கேட்டது. எல்லாரையும் விடக் கிட்டக் கேட்டது நான்தான்." பிறகு, "அவள் திரும்பிப் பாத்தவளாமே," என்றான்.

"ஓம்," என்றேன். சாவியைத் திருப்பினேன். "போயிட்டு வாறம்."

மெல்பேண் முழுக்க வாகன நெரிசல். சீமோர் தாண்டித்தான் வீதி வெளித்தது. சிட்னியில் நான் ஒரே வேர்ஹவுஸில் பதினேழு வருடம். வேலை முடிந்தால் மணி அடிக்கும், அடித்ததும் காதையும் கையையும் அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம். அவனுக்கு அந்த மணி இல்லை. கோவிலுக்குள்ளும் வேலைக்காரக் காதோடுதான் வருகிறான். இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டவருக்குத் தெரியும்.

பிலோமினா, பிள்ளை நன்மை வாங்கும் படத்தைக் கனடாவில் இருக்கும் தன் அக்காவுக்கு அனுப்பியிருந்தாள். வொடோங்காவுக்குக் கிட்டப் பதில் வந்தது. சட்டை வடிவாம். பிள்ளை வளர்ந்துவிட்டாளாம். பிறகு, "அன்ரன் எங்க? வேலையோ?"

"என்ன எழுத?" என்றாள்.

"கோவிலிலதான் நிண்டவன் எண்டு எழுது."

"அப்ப படத்தில ஏன் நீங்கள் நிக்கிறியள் எண்டு கேப்பா."

வாகனம் நிறுத்தும் இடம் ஒன்று வந்தது. திருப்பி நிறுத்தினேன். அவள் போனை என் மடியில் வைத்தாள். "அவ்விடத்தில நிண்டது நீங்கள். நீங்களே எழுதுங்கோ."

எனக்கு அந்தச் சின்ன எழுத்துகளில் விரல் படியாது. நேரம் எடுத்து எழுதினேன்: "அன்ரன் வந்தவன். பிள்ளை ஆமென் சொன்னதை எல்லாரையும் விடக் கிட்டக் கேட்டவன். பக்கத்தில மட்டும் நிக்கேல்லை."

அனுப்பிவிட்டுக் காரை எடுத்தேன்.